பட்டியலில் ஏழாவது பெயர்

செண்பகனூர்
5.3.1984

அன்புள்ள பெருமாயி அக்காவுக்கு,

நலம். நீங்களும் மூக்கையா அண்ணனும் பிள்ளைகளும் நலமா? ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் டைபாய்டோடு பதினோரு நாள் கிடந்தபோது, வெளியே போனதும் மாதம் ஒரு கடிதமாவது எழுதுவது என்று பேசிக்கொண்டோம். இரண்டு வருஷத்தில் நான் எழுதியது மூன்று. இது நாலாவது. இதிலும் ஒரு சோலியோடுதான் வருகிறேன், திட்டாதீர்கள்.

மே 19, சனிக்கிழமை, இங்கே மைதானத்தில் ஒரு விழா நடத்தப் போகிறோம். பெயர் ‘பல மக்கள் விழா’. சீசனுக்கு வந்து போகிறவர்களுக்காக இல்லை, இந்த மலையில் குடியிருக்கிறவர்களுக்காக. எல்லாரும் சும்மா வந்து வேலை செய்கிறவர்கள்தான். தலைவர் ஞானவேல் சார், கணக்கு வாத்தியார். மைக்செட் பெருமாள்மலை குருநாதன். ஏரிக்கரையில் ஸ்வெட்டர் விற்கும் திபெத்துக்காரம்மா பேமா, அவர்கள் ஆட்டத்துக்கு ஆள் சேர்க்கிறார். ரொட்டிக்கடை மலையாளி வீட்டுப் பெண்கள் கைகொட்டிக்களி ஆடுகிறார்கள். பள்ளிக்கூட ஆபீசில் டைப் அடிக்கிறவள் என்பதால் என்னைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். பெஞ்சு யார் வீட்டில், பாயசத்துக்கு அண்டா யார் வீட்டில், மழை வந்தால் தார்ப்பாய்க்கு எந்த லாரிக்காரரைப் பிடிப்பது, இதுவே இப்போது என் பேச்சு.

நிகழ்ச்சி வரிசையில் ஓர் இடத்தைக் காலியாக வைத்திருக்கிறேன். அது உங்கள் காமன் கூத்துக்கு. ஆஸ்பத்திரியில், மன்மதன் எரிந்ததும் ரதி அழுகிற பாட்டை நீங்கள் மெல்லப் பாடுவீர்களே, நர்ஸம்மா வந்து அதட்டும்வரை. சிலோனிலிருந்து வந்தவர்கள் எட்டு வருஷமாக இங்கே பூண்டு போடுகிறார்கள், உருளை தோண்டுகிறார்கள், அவர்களுக்கு ஒரு கூத்து இருக்கிறது என்று இந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

எத்தனை பேர், யார் யார், என்ன வேஷம் என்று எழுதி அனுப்புங்கள். நோட்டீஸில் போட வேண்டும்.

அன்புத் தங்கை,
விசாலாட்சி


கூக்கால்
19.3.1984

அன்புள்ள தங்கச்சி விசாலாட்சிக்குப் பெருமாயி எழுதிக்கொள்வது. நாங்கள் சுகம்.

உங்கள் கடிதம் வந்த அன்று எங்கள் லயத்தில் அடுப்பு மூட்டவே மறந்துபோனோம். (இங்கே இது தேயிலைத் தோட்டத்து லயம் இல்லை, தகரக் கொட்டகை வரிசைதான். வாய்ப் பழக்கம் போகவில்லை.) திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார்கள். சுப்பம்மா கிழவி, “நம்மள மேடையில ஏத்துவாங்களாக்கும்? சிரிக்கத்தான் கூப்புடுறாங்க” என்றாள். என் வீட்டுக்காரர், “சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க, வெளக்கு வெளிச்சத்துல ஆடுவோமே ஒரு தடவ” என்றார். அதன் பிறகு எல்லாரும் சரி என்றார்கள். முந்தாநாள்தான் பௌர்ணமிக்குக் காமனை எரித்தோம். வேஷச் சாமான் எல்லாம் அவிழ்க்காமல் அப்படியே இருக்கிறது.

ஏழு பேர் வருகிறோம். மன்மதன் என் வீட்டுக்காரர் மூக்கையா. தப்பு அடிக்கச் சோலைமுத்துவும் இன்னும் இரண்டு பேரும். பாட்டுக்கு நானும் சுப்பம்மாவும். ரதி என் தம்பி பிச்சையா. அவனுக்கு இருபத்தாறு வயது. ரதி கட்டினால் நானே அவனைத் தம்பி என்று நினைக்க முடியாது, அப்படி அழுவான். போன வருஷம்தான் என்னிடம் வந்து சேர்ந்தான்.

எங்கள் பெயரை நோட்டீஸில் பார்க்கப் போகிறோம் என்று ஆசையாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது.

உங்கள் அக்காள்,
பெருமாயி


செண்பகனூர்
6.4.1984

அன்புள்ள அக்கா,

நோட்டீஸ் இத்துடன் இருக்கிறது. மூன்றாவது வரியைப் பாருங்கள். ஏழு பேரையும் போட்டுவிட்டேன்.

வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. மைக் வைக்கப் போலீஸ் அனுமதி வேண்டும். மேடையேறுகிற ஒவ்வொருவரின் பெயர், வயது, சொந்த ஊர் எல்லாம் எழுதித் தரச் சொன்னார்கள். நானே டைப் அடித்து, திங்கட்கிழமை ஸ்டேஷனில் கொடுத்துவிட்டேன். உங்கள் ஏழு பேருக்கும் சொந்த ஊர் இலங்கை, இருப்பு கூக்கால் என்று எழுதினேன். ரைட்டர் அந்த இடத்தில் மட்டும் பென்சிலால் கோடு போட்டார். “சும்மாதாம்மா, மேல கேப்பாங்க” என்றார்.

இன்னொன்று. நேற்று ரொட்டிக்கடைச் சுவரில் ஒட்டியிருந்த நம் நோட்டீஸை ஒரு ஆள் நின்று சிறு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். காக்கிச் சட்டை இல்லை. காப்பிக்கலர் ஸ்வெட்டர். நான் பக்கத்தில் போனதும் மூடிக்கொண்டு போய்விட்டார். யாராவது பத்திரிகைக்காரராக இருக்கும்.

பதினெட்டாம் தேதியே வந்து என் வீட்டில் தங்கிவிடுங்கள்.

விசாலாட்சி


கூக்கால்
11.4.1984

தங்கச்சி,

நோட்டீஸை என் கையால் பிரித்தேன். என் வீட்டுக்காரருக்குக் காட்டினேன். அதன் பிறகு கடிதத்தை வாசித்தேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிச்சையா பெயரை எடுத்துவிடுங்கள். எப்படியாவது எடுத்துவிடுங்கள்.

நாங்கள் இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தத்தில் கப்பலேறி வந்தவர்கள். எங்களுக்குப் பாஸ்போர்ட் இருக்கிறது, குடும்பக் கார்டு இருக்கிறது. பிச்சையா அப்படி இல்லை. நாங்கள் வரும்போது அவன் சித்தப்பா வீட்டுக் கணக்கில் இருந்தான். அவர்களுக்கு எந்த நாட்டுப் பேப்பரும் கிடைக்கவில்லை. பதுளையில் ஒரு கடையில் வேலை பார்த்தான். போன வருஷம் ஜூலை மாதம் கடையைக் கொளுத்தினார்கள். தேயிலைக்குள் ஒளிந்து ஒளிந்து மன்னாருக்கு வந்து படகேறினான். கரையில் இறங்கியவர்கள் எல்லாரும் முகாமில் பதிந்துகொண்டார்கள். அவன் மட்டும், அக்காவைப் பார்க்க வேண்டும் என்று யாரிடமும் சொல்லாமல் பஸ் பிடித்து வந்துவிட்டான். அன்றையிலிருந்து பொலிஸ் கணக்கில் அவன் இந்த நாட்டில் இல்லை.

அவன் எந்த இயக்கத்திலும் இல்லை. என் பிள்ளைகள் மேல் சத்தியம். ஆனால் இப்போது சிலோனிலிருந்து வந்த வயசுப் பையன் என்றால் யார் நம்புவார்கள்?

இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். நோட்டீஸ் என்றுதானே கேட்டீர்கள், தங்கச்சி. பொலிசுக்குக் கொடுக்கிறேன் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஆறு பேர் என்று எழுதியிருப்பேனே. இன்னும் அவனிடம் சொல்லவில்லை. வேஷத்துக்குப் பாசிமணி கோர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

பெருமாயி


செண்பகனூர்
16.4.1984

அக்கா,

உங்கள் கடிதம் வந்த அன்று, சித்திரை பிறந்த மறுநாள், நேரே ஸ்டேஷனுக்குப் போனேன். பட்டியலைத் திருப்பிக் கொடுங்கள், ஒரு திருத்தம் இருக்கிறது என்றேன். ஒரு நகல் மதுரைக்குப் போய்விட்டதாம். “என்னம்மா திருத்தம், எழுதிக் குடுங்க” என்று ரைட்டர் தாளை நீட்டினார்.

நான் என்ன எழுதினேன் என்று சொல்லவே வாய் வரவில்லை. பிச்சையா என்று தனி ஆள் இல்லை, மூக்கையாவுக்கே வீட்டில் பிச்சையா என்றும் பெயர், டைப் அடிக்கும்போது இரண்டு ஆளாக விழுந்துவிட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முப்பது வயதில் முதல்முறையாகப் போலீஸிடம் பொய். அதையும் என் கைப்பட. ரைட்டர் இரண்டு தடவை படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

அண்ணனிடம் உடனே சொல்லிவிடுங்கள். யார் வந்து கேட்டாலும் பிச்சையா என்பதும் தன் பெயர்தான் என்று சொல்லட்டும்.

அதிலிருந்து எந்த ஜீப் சத்தம் கேட்டாலும் டைப் அடிக்கிற விரல் நின்றுவிடுகிறது. காப்பிக்கலர் ஸ்வெட்டரை நேற்றுப் பள்ளிக்கூட கேட்டில் பார்த்தேன். எனக்காக நிற்கவில்லை என்று நினைக்கப் பார்க்கிறேன். ஞானவேல் சாரிடம் சொல்லிவிட்டேன். அவர் முகம் சுண்டிவிட்டது. “கூத்த மட்டும் எடுத்துருவோம்மா. மத்த ஆறு குழுவுக்கும் சேத்து நாம பொறுப்பு பாருங்க” என்றார். பழனியில் அப்பாவுக்கு யார் சொன்னார்களோ, “எல்லாத்தையும் விட்டுட்டு வெரசா வீட்டுக்கு வந்து சேரு” என்று கார்டு போட்டிருக்கிறார்.

இந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடுங்கள்.

விசாலாட்சி


கூக்கால்
20.4.1984

செயலாளர் அம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் நேற்று வியாழக்கிழமை வந்தது. அவர்கள் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டார்கள். இங்கே தபால் வருகிற லட்சணம் உங்களுக்குத் தெரியாதா?

இரண்டு பேர். ஒருவர் நீங்கள் எழுதிய அதே ஸ்வெட்டர். பூண்டுக் காட்டில் எங்கள் எல்லாரையும் வரிசையாக நிறுத்தினார்கள். தோட்டத்தில் காலைப் பெரட்டுக்குப் பேர் கூப்பிட நிற்போமே, அதுபோல. பிச்சையா மேல் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தான். ஜீப்பைப் பார்த்ததும் குனிந்தபடியே சோலைக்காட்டுக்குள் போய்விட்டான். என் கண்ணால் பார்த்தேன். பார்க்காததுபோல் நின்றேன்.

ஸ்வெட்டர்காரர் என் வீட்டுக்காரரிடம், “பிச்சையாங்கிறது யாரு?” என்று சாதாரணமாகக் கேட்டார். அவருக்கு உங்கள் பொய் எப்படித் தெரியும்? “அது நம்ம மச்சினன் தொரை” என்றார். ஸ்வெட்டர்காரர் சிரித்தார். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, “பழனிக்காரப் பொண்ணு வேற மாதிரி எழுதியிருக்கே” என்றார். அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மறுநாள் சாயங்கால பஸ்ஸில் விட்டார்கள். அடிக்கவில்லையாம். ஒரு பெஞ்சில் உட்காரவைத்து, யாரும் எதுவும் கேட்காமல் விட்டிருக்கிறார்கள். “அடிச்சிருந்தாக்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்” என்கிறார். வந்ததிலிருந்து வேஷச் சாமானைத் தொடவில்லை.

பிச்சையா நாலு நாளாகச் சோலைக்குள்தான் இருக்கிறான். விறகுக்குப் போகிறதுபோலப் போய்ச் சோறு வைத்துவிட்டு வருகிறேன். காலெல்லாம் அட்டைக்கடி. மழை விடவில்லை. ஆளைப் பார்க்க முடியவில்லை, வைத்த சோறு காலியாகியிருந்தால் உயிரோடு இருக்கிறான் என்று வைத்துக்கொள்கிறேன். ஒரு நாள் சோறு அப்படியே இருந்தது. அன்று நான் பட்டதை உங்களுக்கு எழுதத் தெரியவில்லை.

நீங்கள் நல்லதுக்குத்தான் செய்தீர்கள். பெயர் கொடுத்ததும் நல்லதுக்கு. பொய் எழுதினதும் நல்லதுக்கு. இரண்டு தடவையும் எங்களைக் கேட்கவில்லை. உங்களுக்கு விழா. எங்களுக்குக் காடு.

கூத்துக்கு யாரும் வரமாட்டோம். இனிமேல் கடிதமும் போட வேண்டாம்.

பெ. மூக்கையா குடும்பத்துக்காக,
பெருமாயி


செண்பகனூர்
28.4.1984

பெருமாயி அக்கா,

போட வேண்டாம் என்றீர்கள். இது ஒன்றை மட்டும் படித்துவிட்டுக் கிழித்துப்போடுங்கள். தபாலில் போடவில்லை. கூக்கால் பஸ் கண்டக்டர் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

உங்களைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கூப்பிட்டால் போதும், சந்தோஷப்படுவீர்கள் என்று நினைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். இன்ஸ்பெக்டர் என் தாளை மேசையில் வைத்து, “இது யார் எழுதினது?” என்றார். “நான்தான், பொய்” என்றேன். “பையன் எங்கே?” என்றார். “தெரியாது” என்றேன். அது உண்மைதான். நீங்கள் எந்தப் பக்கம் சோறு வைக்கிறீர்கள் என்று எழுதவில்லையே. உங்கள் கடிதம் அப்போது என் ஜாக்கெட்டுக்குள் இருந்தது. மேசைக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்து, தாள் சத்தம் கேட்டுவிடுமோ என்று மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “தானா வந்து பதிஞ்சா அகதி. நாங்க போய்ப் புடிச்சா வேற கேஸு. பதினஞ்சு நாள் பாப்பேன்.”

செவ்வாய்க்கிழமை கமிட்டி கூடியது. நடந்ததை எல்லாம் சொல்லி, செயலாளர் வேலையை விடுகிறேன் என்றேன். கூத்தை எடுத்துவிடுவோம் என்று ஞானவேல் சார் மறுபடி ஆரம்பித்தார். அப்போது பேமா எழுந்தார். அந்தம்மா கூட்டத்தில் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. கைப்பையிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தார். வருஷா வருஷம் போலீஸில் முத்திரை வாங்குகிற அவருடைய அகதிப் புத்தகம். தன் தமிழில் சொன்னார்: “நான் இருபது வருசம் அந்த மேசை முன்னாடி நின்னுது. ஒவ்வொரு வருசமும் பயம். ஆனா புக் இருந்தா ராத்திரி தூங்கும். அந்தத் தம்பி வரட்டும். நான் கூட நிக்கும்.” குருநாதன், “நானும் வர்றேன். மைக்செட்டுக்கு எத்தன தடவ போயிருக்கேன், அங்க பெஞ்சு எனக்குப் பழக்கம்” என்றார். ஞானவேல் சார் அந்தப் புத்தகத்தை எடுத்துப் பேமாவிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு, “எந்தத் தேதின்னு சொல்லுங்க, லீவு போடணும்” என்றார்.

அக்கா, வரச் சொல்லி நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன யோக்கியதை? இன்ஸ்பெக்டர் சொன்ன சொல்லைக் காப்பாரா என்றும் எனக்குத் தெரியாது. ஜெயிலில் போட்டாலும் போடலாம். பிச்சையாவிடம் இதை அப்படியே வாசித்துக் காட்டுங்கள். அவர் வேண்டாம் என்றால் நாங்கள் யாரும் வாய் திறக்க மாட்டோம்.

விசாலாட்சி


கூக்கால்
2.5.1984

தங்கச்சிக்கு,

கடிதத்தைச் சோலைக்குக் கொண்டுபோய் அவனிடம் வாசித்தேன். ஒரு வார்த்தை விடவில்லை, ஜெயில் என்று எழுதியிருந்ததையும் வாசித்தேன். காய்ச்சலில் பல்லடித்துக்கொண்டு கேட்டான். “நான் என்னாத்த களவெடுத்தேன் அக்கா? பதுளையிலயும் ஒளிஞ்சேன். இங்கயும் ஒளிஞ்சுகிட்டு கெடக்கேன். இனிமே ஏலாது” என்றான்.

வெள்ளிக்கிழமை வெள்ளனே பஸ்ஸில் வருகிறோம். ஸ்வெட்டர் விற்கிற அந்தப் பேமா அம்மாவை வரச் சொல்லுங்கள். நீங்களும் வாருங்கள். எனக்குத் தனியாக அந்தப் படியேற முடியாது.

பெருமாயி


செண்பகனூர்
21.5.1984

அன்புள்ள அக்கா,

மண்டபம் முகாம் விலாசத்தை மூக்கையா அண்ணன் கொடுத்தார். பிள்ளைகள் நலம், சுப்பம்மா பாட்டியோடு இருக்கிறார்கள்.

அன்று ஸ்டேஷனில் பிச்சையாவோடு நீங்கள் உள்ளே இருந்தீர்கள். வெளியே வராந்தாவில் நடந்தது உங்களுக்குத் தெரியாது. காலை ஒன்பது மணியிலிருந்து நாங்கள் நாலு பேர் பெஞ்சில் இருந்தோம். மத்தியானம் உள்ளே யாரோ சத்தம் போட்டார்கள். பிச்சையாவின் குரலா என்று தெரியவில்லை. ஞானவேல் சாருக்கு வேட்டி நடுங்கியது. நான் பார்த்ததை அவர் பார்த்தார். “எனக்கு எப்பவுமே பயம் அதிகம்மா” என்றார். ஆனால் எழுந்து போகவில்லை. சாயங்காலம் இன்ஸ்பெக்டர் வெளியே வந்து, “கேஸ் இல்ல. எஸ்கார்ட்ல முகாமுக்கு அனுப்புறோம். அக்கா கூடப் போகலாம்” என்றதும், பேமா சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். நீங்கள் வெளியே வந்தபோது அந்தம்மா அழுதுகொண்டிருந்தது அதனால்தான்.

விழா நடந்தது. மைக்குக்கும் அனுமதி கொடுத்தார்கள். சனிக்கிழமை காலை மழை, மத்தியானம் பனிமூட்டம். அறுபது பேர் வந்தால் அதிகம் என்று நினைத்தோம், முந்நூறு பேர்போல வந்தார்கள். உங்கள் ஆட்கள் ஐந்து பேரும் வந்தார்கள். நான் கூப்பிடவில்லை, அக்கா. பஸ்ஸிலிருந்து தப்போடு இறங்கினார்கள். அண்ணன் என்னிடம், “அவ போகும்போது ஆடிட்டு வாங்கன்னு சொல்லிட்டுப் போனா” என்றார். அவ்வளவுதான் பேசினார்.

ரதிக்கு ஆள் இல்லை. பாட்டி ஓரமாக உட்கார்ந்து ரதி பாட்டைப் பாட, அண்ணன் ஒற்றை ஆளாக ஆடினார். பாதியில் ரோட்டில் ஒரு ஜீப் வந்து நின்றது. தப்பு சட்டென்று நின்றுபோனது. அண்ணன் தூக்கிய கால் தூக்கியபடி நின்றார். பாட்டி வாயைப் பொத்திக்கொண்டார். எதற்கு நின்றார்கள் என்று கூட்டத்துக்குப் புரியவில்லை, ஆனால் எல்லாரும் திரும்பி ரோட்டைப் பார்த்தார்கள். குருநாதன் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து மைக்கில் மெதுவாகச் சொன்னார்: “கேரட் ஏத்துற ஜீப்புண்ணே. அடிங்க.”

ஒருவரும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சோலைமுத்து ஒரே ஒரு அடி அடித்தார். பிறகு இன்னொன்று. முன்வரிசையில் இருந்த பேமாவின் ஆட்கள் கையால் தாளம் போட ஆரம்பித்தார்கள், தப்புக்கு ஒத்தே வராத தாளம். அதைப் பிடித்துக்கொண்டுதான் அண்ணன் காலைக் கீழே வைத்தார்.

பள்ளிக்கூடத்தில் என்னிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். வேலை போகலாம். போகட்டும் என்று எழுதத் தைரியம் இல்லை, பயமாகத்தான் இருக்கிறது. பிச்சையா எப்படி இருக்கிறார் என்று இரண்டு வரி எழுதுங்கள்.

தங்கை,
விசாலாட்சி


மண்டபம்
29.5.1984

அன்புள்ள தங்கச்சி விசாலாட்சிக்கு,

இங்கே வெயில். எட்டு வருஷம் குளிரில் கிடந்த உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. முன்பு கப்பலிலிருந்து இறங்கி நாங்கள் தங்கினதும் இங்கேதான். அப்போது இது வழியில் ஒரு இடம். இப்போது தம்பிக்கு இதுதான் ஊர்.

அவனுக்குப் போட்டோ ஒட்டிக் கார்டு கொடுத்தார்கள். காய்ச்சல் விட்டுவிட்டது. திருப்பி சிலோனுக்கே அனுப்பிவிடுவார்கள் என்று சிலர் பேசிக்கொள்கிறார்கள். அப்படி எல்லாம் இல்லை என்று சிலர். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. கூக்காலுக்கு வந்து போகக்கூட எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். நான் அடுத்த வாரம் புதன்கிழமை புறப்படுகிறேன். அவனை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும்.

உங்கள் மேல் எனக்கு இருந்த கோபம் முழுக்கப் போகவில்லை. பொய் சொல்லக் கூடாது என்று எழுதுகிறேன். ஆனால் வேலை என்ன ஆயிற்று என்று எழுதுங்கள். போய்விட்டால் சும்மா பழனிக்கு இறங்கிவிடாதீர்கள், முதலில் கூக்காலுக்கு வாருங்கள். எங்கள் காம்பராவில் இடம் இருக்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும். நேற்று மத்தியானம் யாரோ கதவைத் தட்டினார்கள். பூட்ஸ் சத்தம். நான் கையிலிருந்த பானையை அப்படியே கீழே வைத்துவிட்டு, பழக்கத்தில் அவனை ஒளித்துவைக்க இடம் தேடினேன். பின்பக்கக் கதவைக்கூடப் பார்த்தேன், இந்த வீட்டுக்குப் பின்பக்கக் கதவே கிடையாது. பாயில் படுத்திருந்தவன் எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு, தானே போய்க் கதவைத் திறந்தான். ஆள் கணக்கு எடுக்க வந்தவர். பெயர் கேட்டார்.

“பிச்சையா” என்றான். தெருவுக்கே கேட்கிற மாதிரி.

நான் கதவுக்குப் பின்னால் நின்று நடுங்கிக்கொண்டிருந்தேன், தங்கச்சி. அவன் நடுங்கவில்லை.

பெருமாயி